ஒரு முகவரி, மூன்று மேசை

தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை நிற்கிறது. தேயிலை உள்ள இடத்தில் ஆபீசும், ஆபீஸ் உள்ள இடத்தில் கிராணிமார்களும் இருப்பார்கள். இங்கே ஒரு சின்னத் தோட்ட ஆபீசை மனத்தில் வைத்துக்கொள்வோம். எந்தத் தோட்டம் என்று தேட வேண்டாம். வால்பாறையிலும் ஹட்டனிலும் உள்ள ஆபீசுகளுக்கும் இதே கதைதான். பெரிய கிராணி, சம்பளக் கிராணி, ஸ்டோர் கிராணி என்று மூன்று மேசை, மூன்று கணினி. வெளியுலகத்துக்குத் தெரிந்த மின்னஞ்சல் முகவரியோ ஒன்றே ஒன்று. உரக் கம்பெனியின் விலைப்பட்டியல், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் நினைவூட்டல், அந்நியத் தொழிலாளர் பெர்மிட் பற்றிய கடிதம், கோலாலம்பூர் வியாபாரியின் தூள் ஆர்டர் எல்லாம் அந்த முகவரிக்கே வந்து சேரும்.

மூவரும் அதைப் பார்க்க வேண்டும், மூவரும் பதில் போட வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆபீசில் ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருக்கிறது, மூன்று கணினியும் கம்பியால் அதில் இணைந்திருக்கின்றன, பிரிண்டரைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதேபோல மின்னஞ்சலையும் பொதுவாக வைத்தால் என்ன?

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, அவுட்லுக் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பைப் பொதுக் கோப்புறை ஒன்றில் போட்டு, மூன்று கணினியையும் அதையே திறக்கச் சொல்வது. முதல் நாள் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பெரிய கிராணி திறந்து வைத்திருக்கும்போது சம்பளக் கிராணி திறக்கப் போனால், கோப்பு வேறொருவர் கையில் இருக்கிறது என்று மென்பொருள் கையை விரித்துவிடும். அது நல்ல நாள். கெட்ட நாளில், கோப்பின் நடுவே எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பி ஒரு நொடி அறுந்து, உள்ளே இருக்கும் அட்டவணை பாதியில் நின்றுவிடும். பிறகு கோப்பைத் திறக்கவே முடியாது. இப்படி வலையமைப்பு வழியாக பிஎஸ்டி கோப்பைப் பயன்படுத்துவதற்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்கிறது. ஆனாலும் இந்த ஏற்பாடு எத்தனையோ ஆபீசுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். உடையும் வரை எதுவும் உடைவதில்லையே.

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் கோப்பு ஒரே ஒருவர் எழுதுவதற்காக வடிவமைக்கப்பட்டது. சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் ஒரே வரியில் இரண்டு கிராணிகள் ஒரே நேரத்தில் பேனாவை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. இரண்டு பேரும் எழுதியது சரி, வரி மட்டும் யாருக்கும் வாசிக்க வராது. மென்பொருளைப் பகிர்வது சுலபம். அதை மூன்று கணினியிலும் தனித்தனியாகவே போட்டுக்கொள்ளலாம், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பகிர வேண்டியது கடிதங்களை. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கடிதத்துக்கும் என்ன நடந்தது என்ற நிலவரத்தை.

அடுத்த வழி, மூன்று கணினியும் இணையச் சேவை நிறுவனத்தின் பெட்டியிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வது. இதற்கான பழைய முறை பாப். 1984-இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு 1988-இல் வந்தது. எப்போதாவது தொலைபேசி வழியாக இணைந்து, கடிதங்களை அள்ளிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும் தனி மனிதருக்காக எழுதப்பட்ட முறை அது. வழக்கமான அமைப்பில், எடுத்தபின் சேவையகத்தில் இருப்பதை அழித்துவிடும். ஆகவே காலையில் யார் முதலில் கணினியைப் போடுகிறாரோ, அன்றைய தபால் முழுவதும் அவர் மேசையில். ஸ்டோர் கிராணி ஆறு மணிக்கே வந்துவிடும் ஆள் என்றால், பெரிய கிராணிக்குக் கடிதமே வராது. ‘சேவையகத்தில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் மூவருக்கும் கடிதம் வரும்தான். ஆனால் மூவரும் மூன்று தனித்தனிப் பிரதிகளை வைத்திருப்பார்கள். ஒருவர் பதில் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. உரக்காரருக்கு ஒரே கேள்விக்கு இரண்டு பதில் போகும், அதில் மூட்டைக் கணக்கு வேறு வேறாக இருக்கும்.

மார்க் கிறிஸ்பின் இந்த இடத்தில்தான் வருகிறார். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் 1986 வாக்கில் அவர் எழுதிய ஐமேப் என்ற முறை, கேள்வியையே மாற்றியது. கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கட்டும். மேசையிலுள்ள மென்பொருள் அங்கே இருப்பதை எட்டிப் பார்க்கட்டும். படித்தது, பதில் போட்டது, நீக்கக் குறித்தது என்ற அடையாளங்களும் சேவையகத்திலேயே பதியட்டும். 1994-இல் இதன் நான்காம் பதிப்பு வந்தது. இன்று கைப்பேசியில் படித்த கடிதம் மடிக்கணினியிலும் படித்ததாகக் காட்டுகிறதே, அதற்கு வேர் இதுதான்.

கேட்கச் சின்ன மாற்றமாகத் தெரிந்தாலும், ஒரே பெட்டியை ஒரே நேரத்தில் மூவர் திறந்து வைத்திருப்பது எண்களில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பெட்டியில் 10 கடிதங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஐமேப் அவற்றுக்கு 1 முதல் 10 வரை வரிசை எண் கொடுக்கும். பெரிய கிராணி நான்காவதை அழித்தால், ஐந்தாவது நான்காகிவிடும், ஏழாவது ஆறாகிவிடும். அதே நேரத்தில் சம்பளக் கிராணியின் கணினி ‘ஏழாவதை அழி’ என்று கட்டளை அனுப்பினால்? அவர் நினைத்த கடிதம் இப்போது ஆறாவது. தவறான கடிதம் போய்விடும். ஆகவே ஒவ்வொருவரின் இணைப்பிலும் எந்த நேரத்தில் எண்ணை மாற்றலாம், எப்போது மாற்றக்கூடாது என்று ஐமேப்பில் கண்டிப்பான விதிகள் உண்டு. கூடவே இன்னொரு எண்ணும் உண்டு. யூஐடி என்பார்கள். ஏறுமுகமாகவே போகும், ஒருமுறை கொடுத்ததை இன்னொரு கடிதத்துக்குக் கொடுக்காது. நான்காவது கடிதம் போனால் அதன் யூஐடியும் அதோடு போய்விடும். அந்த இடம் காலியாகவே இருக்கும். சேவையகத்தைப் பழுது பார்த்து இந்த எண்களெல்லாம் புதிதாகப் போட வேண்டி வந்தால், பெட்டிக்கென்று இருக்கும் ஒரு தனி முத்திரை எண்ணை மாற்றிவிடுவார்கள். அது மாறியதைக் கண்டதும் மேசை மென்பொருள் தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து இறக்கும். ‘நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று எல்லாக் கடிதத்தையும் திரும்ப இறக்குகிறதே’ என்று சலித்துக்கொள்ளும் நாளில் பெரும்பாலும் நடந்திருப்பது அதுதான்.

சேவையகத்துக்குள்ளேயும் அதே செக்ரோல் தொல்லை உண்டு. பழைய யூனிக்ஸ் முறையில் ஒரு பெட்டி என்றால் ஒரு நீண்ட கோப்பு. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஒட்டப்படும். எழுதும்போது பூட்டு, எழுதி முடித்ததும் திற. வலையமைப்பில் உள்ள வட்டில் இந்தப் பூட்டுகளை நம்ப முடியாது. 1990-களின் நடுவில் கணிதவியலாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் பூட்டே வேண்டாத ஒரு வழியைச் சொன்னார். மெயில்டிர் என்று பெயர். ஒரு கடிதம், ஒரு கோப்பு. தற்காலிகம், புதியது, பார்த்தது என்று மூன்று கோப்புறைகள். கடிதத்தை முதலில் தற்காலிகத்தில் முழுக்க எழுதி முடித்து, பிறகு ஒரே அசைவில் ‘புதியது’ கோப்புறைக்கு நகர்த்துவார்கள். நகர்த்தல் நடந்திருக்கும் அல்லது நடந்திருக்காது. பாதி நகர்ந்தது என்ற நிலை கிடையாது. மின்சாரம் நடுவில் போனாலும் அரைக் கடிதம் பெட்டிக்குள் நுழையாது. கோப்பின் பெயரில் நேரம், செயல்முறை எண், கணினியின் பெயர் மூன்றும் சேர்வதால் இரண்டு கடிதத்துக்கு ஒரே பெயர் விழாது. படித்ததா, பதில் போட்டதா என்பதும் கோப்புப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தாகவே ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு குறை: அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வரும், விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. ஆகவே சேவையகத்தை லினக்ஸ் கணினி ஒன்றில் வைப்பதுதான் வழக்கம். ஃபின்லாந்துக்காரர் டிமோ சிரைனன் 2002-இல் வெளியிட்ட டவ்காட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் போதும். ஓரங்கட்டிய பழைய கணினி ஒன்றே மூன்று மேசைக்கும் தாராளமாக ஈடுகொடுக்கும்.

இனிதான் தொழில்நுட்பத்தால் முழுவதும் தீர்க்க முடியாத இடம் வருகிறது. படிக்காத கடிதம் திரையில் தடித்த கறுப்பு எழுத்தில் தெரியும். யாராவது திறந்ததும் மெலிந்துவிடும்.

“தம்பி, உரக்காரருக்குப் பதில் போட்டாச்சா?”

“நீங்க போட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன் அண்ணே. தடிச்ச எழுத்து போயிருந்துச்சே.”

‘படித்தது’ என்ற அடையாளம் எல்லாருக்கும் பொதுவா, ஆளுக்கு ஒன்றா? ஐமேப்பின் அடிப்படை விதி இதைத் தீர்த்துச் சொல்லாமல் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் விட்டுவிட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சைரஸ் சேவையகம் இயல்பாகவே ஆளுக்கு ஒன்று என்று வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் பகிர்ந்த பெட்டியில் அது பொது; அதே எக்ஸ்சேஞ்சின் பொதுக் கோப்புறைகளிலோ ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வழி உண்டு. டவ்காட்டில் இரண்டு விதமாகவும் அமைக்கலாம். பொதுவாக வைத்தால், சும்மா எட்டிப் பார்த்தவரால் கடிதம் கேட்பாரற்றுப் போகும். ஆளுக்கு ஒன்றாக வைத்தால் ஒருவர் திறந்த பிறகும் மற்ற இருவர் திரையில் அது தடித்தே நிற்கும், யார் எடுத்துக்கொண்டார் என்று தெரியாது. எதை வைத்தாலும் ஓட்டைதான். என்னைக் கேட்டால், இந்த அடையாளத்தை நம்பவே கூடாது. கடிதத்தை எடுத்துக்கொள்கிறவர் அதை உள்பெட்டியிலிருந்து தன் பெயரிலுள்ள கோப்புறைக்கு நகர்த்த வேண்டும்; முடித்ததும் ‘முடிந்தது’ கோப்புறைக்கு. உள்பெட்டியில் மிச்சம் இருப்பது யாரும் தொடாதது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது யாருக்கும் பொருட்டில்லை.

வண்ண லேபிள் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தண்டர்பேர்டு மென்பொருளில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று போடலாம்தான். ஆனால் சேவையகத்துக்குப் போவது ‘லேபிள் ஒன்று’, ‘லேபிள் இரண்டு’ என்ற மொட்டைக் குறி மட்டும். அதற்கு ‘அவசரம்’ என்று நீங்கள் வைத்த பெயர் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். பெரிய கிராணி மேசையில் ‘அவசரம்’ என்றிருப்பது ஸ்டோர் கிராணி மேசையில் ‘சொந்த விஷயம்’ என்று காட்டலாம். மூன்று மேசையிலும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளாவிட்டால் லேபிள் இல்லாமல் இருப்பதே மேல்.

கடவுச்சொல்லையும் பகிரக்கூடாது. மூவருக்கும் தனித்தனி உள்நுழைவு, பொதுப்பெட்டிக்கு மட்டும் அனுமதி. யார் பட்டியலைப் பார்க்கலாம், யார் படிக்கலாம், யார் அழிக்கலாம் என்று எழுத்து எழுத்தாக அனுமதி பிரித்துக் கொடுக்கும் நீட்சி ஐமேப்புக்கு 1997-இலேயே வந்துவிட்டது. சம்பளச் சீட்டில் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும். இப்படிப்பட்ட விவரங்களைக் காக்கச் சொல்லும் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது 2013 நவம்பரில். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய உள்நுழைவை மூடினால் போதும். ஒரே கடவுச்சொல் என்றால் அதை மாற்றி மூன்று மேசைக்கும் சொல்ல வேண்டும்; சொல்வதற்குள் அது திரையில் ஒட்டிய மஞ்சள் காகிதத்துக்கு வந்துவிடும்.

சேவையகம் ஆபீசுக்குள் இருப்பதா, வெளியில் வாடகைக்கு எடுப்பதா? மலைநாட்டில் இடியும் மழையும் மண்சரிவும் சாதாரணம். இணைய இணைப்புப் போகும். ஆனால் போனதால் கடிதம் தொலைந்துவிடாது. மின்னஞ்சல் பிறந்ததே அறுந்து அறுந்து வரும் இணைப்புகளின் காலத்தில். மலேசியாவிலேயே 1980-களின் பிற்பாதியில் மிமோஸ் நிறுவனம் அமைத்த ராங்கோம் என்ற வலையமைப்பு, பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியாக இணைத்தது. கடிதங்களைச் சேர்த்து வைத்து, இணைப்புக் கிடைக்கும்போது தள்ளிவிடும் முறை. அந்தப் பொறுமை இன்றைய விதியிலும் இருக்கிறது. பெறுகிற சேவையகம் எடுக்காவிட்டால், அனுப்புகிறவர் அரை மணிக்குக் குறையாத இடைவெளியில் திரும்பத் திரும்ப முயல வேண்டும். நான்கைந்து நாளுக்கு முன் கைவிடக்கூடாது என்கிறது மின்னஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபிக்கு 2008-இல் புதுப்பித்த விதி. இரண்டு நாள் இணைப்பு இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் கடிதம் வந்து சேரும்.

வாங்குவதில் பிரச்சினை இல்லை. அனுப்புவதுதான் பாடு. எரிதங்களை, அதாவது வேண்டாத விளம்பர அஞ்சல்களை, கண்டு மிரண்டு போன பெரிய சேவையகங்கள், சாதாரண அகன்ற அலைவரிசை இணைப்பின் மாறும் முகவரியிலிருந்து நேரடியாக வரும் கடிதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே சின்ன ஆபீசுக்கு நான் சொல்வது: வெளியே அனுப்புவதையும் வெளியிலிருந்து வாங்குவதையும் வாடகைச் சேவையகத்திடம் விடுங்கள், ஆபீசுக்குள் ஒரு கணினி அதன் பிரதியை வைத்திருக்கட்டும். இணைப்பு இல்லாத நாளிலும் பழைய விலைப்பட்டியலைத் தேடி எடுக்கலாம்.

முகவரி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மலேசியாவின் முதல் இணையச் சேவை ஜாரிங். 1990-களில் இணைந்த எத்தனையோ ஆபீசுகள் அதன் பெயரில் முடியும் முகவரியையே கடிதத் தலைப்பிலும் பைகளிலும் அச்சடித்திருந்தன. 2015-இல் அந்த நிறுவனம் கலைப்புக்குப் போனது. தோட்டத்தின் பெயரில் ஒரு டொமைன் பதிவு செய்திருந்தால், பின்னால் நிற்கும் சேவையகத்தை மாற்றிக்கொண்டே போகலாம், முகவரி அப்படியே இருக்கும். 1986-இலிருந்தே டொமைன் பெயர் முறையில் இதற்கென்று தனிப் பதிவு உண்டு: ‘இந்தப் பெயருக்கு வரும் தபாலை இந்த இயந்திரத்திடம் கொடு’ என்று அது சொல்லும்.

தமிழில் எழுதும் கிராணிக்கு இன்னொரு தனிச் சங்கடம். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடம் வைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1990-களில் தமிழ் மின்னஞ்சலைச் சாத்தியமாக்கியபோது, தமிழ் எழுத்துகள் எட்டாவது பிட் உள்ள இடங்களில் உட்கார்ந்திருந்தன. அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒத்த எழுத்துரு இல்லாவிட்டால் வருவது கோணல் குறிகள்தான். வழியில் ஒரு பழைய சேவையகம் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் அதுவும் மிஞ்சாது.

இப்போது யூனிகோடு வந்துவிட்டது. ஆனால் ஏழு பிட் காலத்தின் குறுகிய வாசல் இன்னும் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். மலாயில் சம்பளத்துக்கு ‘காஜி’ என்று ரோமன் எழுத்தில் எழுதினால் நான்கு பைட்டில் முடியும், அப்படியே போகும். தமிழில் ‘சம்பளம்’ 21 பைட். கடிதத்தின் தலைப்பு வரியில் அதை வைக்க, மூன்று பைட்டுக்கு நான்கு ஆங்கில எழுத்து என்ற கணக்கில் மாற்றி எழுதுவார்கள். 28 எழுத்து ஆகிவிடும். அப்படி மாற்றிய ஒரு துண்டு, முன்னும் பின்னும் வரும் குறிகளோடு சேர்த்து 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குறிகளைக் கழித்தால் 63 மிஞ்சும், நான்கு நான்காக எடுத்தால் 60, அதாவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடு.

‘சம்பளப் பட்டியல்’ என்று எழுதி எண்ணிப் பாருங்கள். புள்ளியையும் கொக்கியையும் தனியாக எண்ண வேண்டும். 15 குறியீடு, நடுவே ஓர் இடைவெளி. 46 பைட். ஒரே ஒரு பைட் அதிகம்! ஒழுங்கான மென்பொருள் எழுத்து முழுதாக இருக்கும் இடத்தில் வெட்டி இரண்டாம் துண்டு தொடங்கும். ஒழுங்கில்லாதது 45-ஆம் பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். அப்போது ‘ல்’ என்பதன் புள்ளி இரண்டு பைட் இங்கே, ஒரு பைட் அங்கே என்று கிழியும். பெறுகிறவர் திரையில் ‘சம்பளப் பட்டியல’ வரும், அதன் வாலில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள். தமிழ்த் தலைப்புகளின் நடுவில் அவ்வப்போது அப்படிப்பட்ட கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏன் எப்போதும் ஒரே நீளத்தில் உடைகிறது என்பதற்குக் காரணம் இந்த 15. பொதுப்பெட்டியை அமைத்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை, நீளமான தமிழ்த் தலைப்போடு மூன்று மேசையிலிருந்தும் ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பது.

கடைசியாகப் பிரதி. ஐமேப்பில் மூன்று மேசையிலும் கடிதம் தெரிகிறது என்பதால் மூன்று பிரதி இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. ஒருவர் அழித்தால் மூன்றிலும் போகும். அப்படிப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தனியாக ஒரு வட்டில் வாரம் ஒருமுறையாவது எழுதி, அதை ஆபீசைவிட்டு வெளியே வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதிலும் யோசனை தேவை. ரிங்லெட் ஏரியைத் தேக்கி நிற்கும் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து 2013 அக்டோபரில் இரவோடு இரவாக நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, உயிர்களும் போயின. ஆபீசும் வட்டும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தால் இரண்டும் ஒரே இரவில் நனையும். தாப்பாவுக்கு அடிக்கடி இறங்குகிறவர் யாராவது ஒருவர் ஆபீசில் இருப்பார். அவர் கையில் கொடுத்தனுப்பலாம், வட்டைப் பூட்டுச்சொல் போட்டு மறையாக்கிய பிறகு. அவ்வப்போது அதைத் திரும்ப வாங்கி, அதிலிருந்து போன வருடக் கடிதம் ஒன்றை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பெரிய கிராணியே செய்தால் நல்லது. அழித்துவிட்டுத் தேடுகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.